தாமரை முளைத்து முளைத்துக் கருகிய தொட்டி

பல்லடத்திலிருந்து பொங்கலூர் போகும் வழியில், சாலையை விட்டு உள்ளே தள்ளி ஒரு தோட்டத்துச் சாளை. என் பெரியம்மா மகள் வாழ்க்கைப்பட்ட வீடு. இரண்டு வருடத்துக்கு முந்தைய தை மாதம், பழைய ஓட்டு வீடு இருந்த இடத்தில் புது வீடு கட்டிக் குடிபோனார்கள். அக்காவின் வீட்டுக்காரரான மாமாவுக்குத் தொட்டிக்கட்டு வீட்டு நினைப்பு விடவில்லை. வீட்டு நடுவில் வானம் பார்த்த முற்றம் விட்டு, அதில் 6 அடி நீளம், 4 அடி அகலம், 2 அடி ஆழத்தில் சிமெண்டுத் தொட்டி ஒன்றும் கட்டச் சொன்னார். தாமரைக்காக.

மாசியில் கிழங்கு நட்டார்கள். முளைத்தது, கருகியது. பங்குனியில் வேறு நர்சரியில் வேறு கிழங்கு வாங்கி நட்டார்கள். அதுவும் முளைத்தது, கருகியது. சித்திரைக் கடைசியில் அக்கா போன் செய்தாள். “ஏந் தம்பி, நீ மொட்டை மாடி பூராவும் தாமரை வெச்சிருக்கறே. எங்கூட்டுத் தொட்டிக்கு மட்டும் ஏதாச்சும் சாபமா?”

போய்ப் பார்த்ததில் மூன்று காரணங்கள் இருந்தன. முதல் இரண்டும் தனித்தனியே வந்திருந்தால் செடி தட்டுத்தடுமாறியாவது பிழைத்திருக்கும்; இரண்டும் கைகோத்துக்கொண்டதுதான் வினை. மூன்றாவது, அவை இரண்டும் சரியான பிறகுதான் தலையைக் காட்டியது. அன்றன்றைக்கு நோட்டில் குறித்து வைத்ததைக் கொண்டு இதை எழுதுகிறேன்.

தொட்டிக்குள் போனவை

அடியில் அரை அடி உயரத்துக்குத் தோட்டத்துச் செம்மண். அதோடு நான்கு கூடை கோழி எரு. பல்லடம் பக்கம் கறிக்கோழிப் பண்ணை இல்லாத ஊரைப் பார்ப்பது அரிது. ஒரு பேட்ச் கோழி ஏற்றி அனுப்பிவிட்டுக் கொட்டகையைச் சுரண்டினால் எரு மலையாகக் கிடைக்கும். மாமா கொண்டு வந்தது அந்த வாரம் அள்ளியது, மக்காதது. மண்ணுக்கு மேல் ஒரு அடித் தண்ணீர், போர் தண்ணீர்தான். கணக்குப் போட்டால் சுமார் 680 லிட்டர். கொசு வராமல் இருக்க இருபது கப்பி மீன்.

நட்ட எட்டாம் நாள் முதல் இலை மிதந்தது. காசு அளவில் வருவதால் தாமரை வளர்ப்பவர்கள் இதைக் காயின் லீஃப் என்பார்கள். பன்னிரண்டாம் நாளே இலை வெளுத்துவிட்டது. நரம்பு மட்டும் பச்சை, இடையில் எல்லாம் மஞ்சள். அதற்குள் கப்பி மீன்கள் இரண்டு மூன்றாகச் செத்து மிதக்க ஆரம்பித்து, அந்த வாரத்தோடு மீன் எல்லாம் காலி. இருபதாம் நாள் இலையோரம் கருகி, காம்பு கொழகொழத்துப் போனது.

உரக்கடையில் இலையைப் பார்த்தவர் இரும்புச் சத்துக் குறைவு என்று அன்னபேதி (இரும்பு சல்பேட்) கொடுத்திருக்கிறார். அவர் சொன்ன நோய் சரிதான். ஆனால் அந்தத் தண்ணீரில் அன்னபேதி கரைந்த கையோடு துருவாக மாறி அடியில் படிந்துவிடும்; வேருக்கு ஒன்றும் போய்ச் சேராது. தொட்டி அடியில் காவிப் பொடி படிந்ததுதான் மிச்சம். அப்புறம் ஒரு பிடி டி.ஏ.பி. உரம். இரண்டாவது முறை கிழங்கு நட்டபோது இன்னும் இரண்டு கூடை கோழி எரு. “மொதத் தடவ சத்துப் பத்தலையாட்டம் இருக்குதுன்னு போட்டேன் மாப்ள,” என்றார் மாமா. செடி வாடினால் உரம் போடுவது பண்ணையம் பார்க்கிறவர்களின் கைப்பழக்கம். வயலில் பெரும்பாலும் அது பலிக்கும். தொட்டியில் போட்டது எங்கேயும் வடியாது, அங்கேயே நிற்கும்.

மூக்கு சொன்னது

சனிக்கிழமை காலை போனேன். முதலில் சுவரைப் பார்த்தேன். தண்ணீர் மட்டத்தில் சுற்றிலும் விரல் அகலத்துக்கு வெள்ளைக் கோடு. நகத்தால் சுரண்டினால் மாவாக உதிர்ந்தது. தண்ணீரில் இரண்டு விரலை நனைத்துத் தேய்த்தால் சோப்புத் தண்ணீர் போல வழுக்கியது. தண்ணீரில் கை வைத்ததும் வழுக்கினால், தண்ணீரின் காரத்தை பிஎச் எண்ணில் காட்டும் பேனா மீட்டரை எடுப்பதற்கு முன்பே எனக்குப் பாதி தெரிந்துவிடும்.

மீட்டர் 10.4 காட்டியது. குழாயில் நேராகப் பிடித்த போர் தண்ணீர் 7.9. எண்ணில் பார்க்க இரண்டரைதான் வித்தியாசம். ஆனால் பிஎச் அளவில் ஒவ்வொரு எண்ணும் பத்து மடங்கு என்பதால், குழாய்த் தண்ணீரைக் காட்டிலும் தொட்டித் தண்ணீரில் காரம் முந்நூறு மடங்குக்கு மேல். போர் தண்ணீரின் டி.டி.எஸ்., அதாவது கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, 1,500-ஐத் தாண்டியது, நல்ல சப்பைத் தண்ணீர். அக்கா குற்றத்தை அதன் மேல்தான் போட்டிருந்தாள்.

ஒரு வாட்டர் பாட்டிலில் பாதி அளவு தொட்டித் தண்ணீரைப் பிடித்து, மூடியை இறுக்கிக் களத்து வெயிலில் வைத்துவிட்டுக் காப்பி குடித்தோம். கால் மணி நேரம் கழித்து மூடியைத் திறந்து முகர்ந்தேன். மூக்கு எரிந்து கண்ணில் நீர் வந்துவிட்டது. மாமாவின் அம்மா, எனக்கு அத்தை முறை, வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். “ஏங் கண்ணு, இது கோழிக் கொட்டாய் நாத்தமல்லோ?”

அதேதான். அம்மோனியா.

அப்புறம் கிழங்குகளைத் தோண்டினோம். மண்ணைக் கிளறியபோது அழுகிய முட்டை வாடை தனியாக வந்தது; காற்றுப் போகாத சேற்றில் எரு புளித்தால் வரும் வாடை அது. மூன்று கிழங்கில் இரண்டு போய்விட்டது. விரலால் அமுக்கினால் பழுத்த வாழைப்பழம் மாதிரி அமுங்கியது. வேர்கள் கறுத்து, இழுத்தால் கையோடு வந்தன. மூன்றாவதில் ஒரு கணு மட்டும் கெட்டியாக, தந்த நிறத்தில் இருந்தது. அதன் முனையில் சுண்டுவிரல் நீளக் குருத்து, நுனி கருகாமல். அழுகினதை வெட்டிவிட்டு அந்தக் கணுவை மட்டும் ஈரத்துணியில் சுற்றினேன். தாமரைக் கிழங்கில் உயிர் இந்த நுனியில்தான். கணு எவ்வளவு பருமனாக இருந்தாலும், வேறு குருத்து இல்லாதபோது இது ஒடிந்தால் கிழங்கைக் குழம்பு வைத்துவிடலாம்.

தொட்டியை எப்போது கட்டினீர்கள் என்று கேட்டேன். “குடிபோனதுக்கு அப்புறந்தான் மாப்ள. பூச்சு காஞ்ச நாலாம் நாளே மண்ணக் கொட்டிப்போட்டோம்.” தண்ணீர் மாற்றினீர்களா? இல்லை. அதற்குள் அத்தைக்கு ஒன்று ஞாபகம் வந்தது. “கொத்தனாரு அன்னைக்கே சொன்னாரு, வாழத்தண்டு வெட்டிப் போட்டு ஊற வைங்கன்னு. மீன் உடறவங்களுக்குச் சொல்றாராட்டம்னு நெனச்சு உட்டுட்டோம்.”

வாளிச் சோதனை

இருந்தாலும் போர் தண்ணீர் மேல் இருந்த சந்தேகத்தைத் தீர்க்காமல் விட மனமில்லை. தொட்டியைக் காலி செய்து, மண்ணை அள்ளி, தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, அதே போர் தண்ணீரைப் பாதி அளவுக்கு விட்டோம். அதே நேரம் ஒரு பிளாஸ்டிக் வாளியிலும் அதே தண்ணீர், தொட்டிக்குப் பக்கத்திலேயே. மீட்டரை மாமாவிடம் கொடுத்துவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் போன்: “வாளி 8.2 மாப்ள. தொட்டி 10.1.”

தண்ணீர் ஒன்று, வெயில் ஒன்று, மண் இல்லை, எரு இல்லை. வித்தியாசம் சுவர் மட்டும்.

சிமெண்டு தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது நீற்றுச் சுண்ணாம்பும் உண்டாகிறது. புதுப் பூச்சிலிருந்து அது வாரக்கணக்கில் தண்ணீரில் இறங்கிக்கொண்டே இருக்கும். காற்றிலுள்ள கரியமில வாயு பட்டதும் அதில் ஒரு பங்கு சுண்ணாம்புக்கல்லாக மாறிச் சுவரில் படியும். நான் சுரண்டிய வெள்ளைக் கோடு அதுதான். இந்தக் காரத் தண்ணீரில் இரும்பு கரையாது. அதனால்தான் முதலில் இலை மஞ்சளானது.

ஆனால் மீன் செத்ததும் வேர் வெந்ததும் அதனால் மட்டும் வந்ததாக இருக்காது. கோழி எச்சத்தில் உள்ள யூரிக் அமிலம் ஈரம் பட்டதும் சிதைந்து அம்மோனியாவாகும். தண்ணீரில் அது இரண்டு வேடத்தில் இருக்கும். ஒன்று அம்மோனியம், செடி அதைத் தின்னும், மீனுக்கும் பெரிய கெடுதல் இல்லை. இன்னொன்று கரைந்த அம்மோனியா வாயு, அது விஷம். எது எவ்வளவு என்பதைத் தண்ணீரின் பிஎச் தீர்மானிக்கிறது. நம்மூர் வெயிலில் 30 டிகிரித் தண்ணீர் என்று வைத்துக்கொண்டால், பிஎச் 7-ல் விஷப் பங்கு நூற்றில் ஒன்றுகூட இல்லை. 9.1-ல் பாதிக்குப் பாதி. 10-ஐத் தாண்டினால் கிட்டத்தட்ட எல்லாமே விஷம்தான். எருக்குழியில் சுண்ணாம்பைக் கொட்டினால் மூக்கைப் பிய்க்கும் வாடை வருமே, அதைத்தான் மாமா தெரியாமல் முற்றத்தில் செய்திருந்தார். அதன் மேல் டி.ஏ.பி. வேறு. அதில் உள்ளதும் அம்மோனியம்தான்.

சப்பைத் தண்ணீர் குற்றமே இல்லாதது என்று சொல்லவில்லை. உப்புத் தண்ணீரில் தாமரை வளரும், கொஞ்சம் சோர்ந்து வளரும். இந்த வழக்கில் அது சாட்சி, குற்றவாளி அல்ல.

தொட்டிக்கு ஒரு வைத்தியம், கிழங்குக்கு வேறு

தொட்டிக்குக் கொத்தனார் சொன்னதையே செய்தோம். தார் வெட்டிய வாழை மூன்றை ஒரு சாண் துண்டுகளாக வெட்டித் தொட்டி நிறையத் தண்ணீரில் ஒரு வாரம் ஊறவைத்து, வடித்து, புதுத் தண்டு போட்டு மறுபடி. தண்டு அழுகும்போது வரும் புளிப்பும் கரியமில வாயுவும் சுண்ணாம்பை மெல்லத் தணிக்கும். நான்கு சுற்றில் வடிக்கும்போது எடுத்த அளவுகள்: 9.6, 9.1, 8.6, 8.3. கடைசியில் வாளித் தண்ணீருக்கு வந்து சேர்ந்துவிட்டது. நடுவீட்டில் ஒரு மாதம் வாழைத்தண்டு அழுகிய வாடையைப் பொறுத்துக்கொண்ட அக்காவிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டதை இங்கே எழுத முடியாது. அவசரப்பட்டுக் கழிவறை கழுவும் ஆசிட்டை ஊற்றலாமா என்று மாமா கேட்டார். வேண்டாம் என்றேன். மேல்பூச்சு அரித்து, உள்ளே இருக்கும் புதுச் சுண்ணாம்பு வெளியே தெரியும். இரண்டு வாரத்தில் மறுபடி முதலிலிருந்து.

பிழைத்த கணுவை அதுவரை காக்கவைக்க முடியாது. ஒன்றரை அடி அகலம், ஒரு அடி உயரத்தில் அடியில் ஓட்டை இல்லாத கறுப்புப் பேசின் ஒன்று வாங்கினோம். வட்டமாக இருப்பது முக்கியம். கிழங்கின் நுனி மண்ணுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். வட்டச் சுவரை ஒட்டிச் சுற்றி வந்துவிடும், சதுரத் தொட்டி என்றால் மூலையில் முட்டி நின்றுவிடும்.

மண்ணுக்கு இரண்டு பங்கு குளத்து வண்டல், ஒரு பங்கு செம்மண். வண்டல் எடுக்கிறபோது ஒன்று பார்க்க வேண்டும். திருப்பூருக்குக் கீழே நொய்யலை ஒட்டி, ஒரு காலத்தில் சாயத் தண்ணீர் பாய்ந்த குளங்களின் மண் வேண்டாம். 2011 சனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன அளவுக்கு அந்த ஆற்றில் உப்பு ஏறியிருந்தது. நாங்கள் மழைத் தண்ணீர் மட்டும் வரும் ஊர்க்குட்டையில் இரண்டு சட்டி எடுத்தோம்.

சேற்றைக் கரண்டி நிற்கிற பதத்துக்குக் குழைத்து, கிழங்கைப் பேசின் ஓரத்தில் படுக்கவைத்து, நுனி நடுவைப் பார்க்க, வால் கொஞ்சம் மேலே நிற்க, சேற்றால் மெல்ல மூடினேன். அழுத்தக் கூடாது. மிதந்து வராமலிருக்கக் கணு மேல் ஒரு கூழாங்கல். தண்ணீர் முதலில் மூன்று விரல் உயரம்தான். பாதி போர் தண்ணீர், பாதி மொட்டை மாடியிலிருந்து பிடித்த கோடை மழை. எரு, உரம் எதுவும் கிடையாது. இதைக் கேட்டதும் மாமாவின் முகம் வாடியது. நட்டவுடன் கிழங்கு தன் மாவையே தின்று முளைக்கும். உரத்தைத் தின்ன அதற்கு வேரே இருக்காது. தண்ணீரை விட்டு எழுந்து குடை மாதிரி நிற்கும் இலை இரண்டு மூன்று வரட்டும், அதற்கப்புறம் டி.ஏ.பி. ஒரு டீஸ்பூன் எடுத்து செய்தித்தாளில் மடித்து, குருத்து இல்லாத ஓரமாகப் பார்த்துச் சேற்றுக்குள் ஒரு விரல் ஆழத்தில் புதையுங்கள், மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை என்றேன்.

வைகாசி பாதியில் காசு இலைகள் ஆறு. ஆனி தொடக்கத்தில் முதல் குடை இலை எழுந்தது. காம்பில் அசுவினிப் பூச்சி கறுப்பாக ஒட்டியது. ஸ்பிரேயர் தண்ணீரைப் பீய்ச்சியே கழுவிவிட்டாள் அக்கா. வேப்பெண்ணெயும் சோப்பும் கலந்து தெளிக்க இருந்தவளைத் தடுத்தேன். தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாமல் உருளுவது அதன் மேலுள்ள மெழுகால். சோப்பு அதைக் கெடுத்துவிடும். இன்னொரு பாடமும் படித்தாள். பழுத்த இலைகளைச் சுத்தமாக இருக்கட்டும் என்று தண்ணீருக்கு அடியில் கத்தரித்துவிட்டாள். தாமரைக்கு மூச்சு இலையின் மேல்பக்கம். அங்கே நுழையும் காற்று காம்பின் குழாய்கள் வழியாகச் சேற்றுக்குள் கிழங்கு வரை போகும். காம்பைத் தண்ணீருக்குள் வெட்டினால் அந்தக் குழாயில் தண்ணீர் ஏறும், கிழங்கு அழுகும். வெட்டினால் தண்ணீர் மட்டத்துக்கு நான்கு விரல் மேலே வெட்ட வேண்டும். நல்லவேளை, அவள் வெட்டியது இரண்டே இரண்டு.

இலை வந்தது, மொட்டு வரவில்லை

ஆனி முடியும்போது தொட்டி தயார். பேசினை அப்படியே முற்றத்துத் தொட்டிக்குள் இறக்கி வைத்தார்கள். இலைகள் பெரிதாக, கரும்பச்சையாக, பார்க்க அழகாகத்தான் இருந்தன. காம்புகள் மட்டும் மெலிந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து நீண்டன. மொட்டு இல்லை.

வெயில் எத்தனை மணி நேரம் விழுகிறது என்று கேட்டேன். “பொழுதன்னிக்கும் வெயில்தான்,” என்றாள் அக்கா. வீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள். வெளிச்சத்தையும் வெயிலையும் ஒன்றாகக் கணக்குப் போட்டுவிடுவார்கள். அத்தையிடம் ஒரு வேலை கொடுத்தேன். காலையில் தொட்டி விளிம்பில் வெயில் ஏறும்போது தரையில் கோலமாவால் ஒரு புள்ளி, இறங்கும்போது ஒரு புள்ளி, பக்கத்தில் மணி. மூன்று நாள் செய்தார். 10.40-க்கு ஏறி 1.50-க்கு இறங்குகிறது. மூன்று மணி பத்து நிமிடம். தாமரை பூக்க ஆறு மணி நேர நேர்வெயிலாவது வேண்டும். சுற்றிலும் பத்தடிச் சுவரும் தாழ்வாரமும் வைத்த முற்றத்தில் அது நடக்காது. எவ்வளவு நல்ல தண்ணீர் விட்டாலும் நடக்காது.

இதை மாமாவிடம் சொல்வதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது. தொட்டி கட்டியதே தாமரைக்கு.

பேசினை வெளியே களத்துக்கு எடுத்துப் போனார்கள். அங்கே காலை முதல் பொழுதிறங்கும் வரை வெயில். ஆனால் அது ஆடி. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும் காற்றைப் பல்லடம், உடுமலைக்காரர்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை; காற்றாலைகளை அந்தப் பக்கம் நட்டு வைத்திருப்பதே அதற்காகத்தான். அம்மியைத் தூக்கும் காற்று தாமரை இலையை விடுமா? மூன்றாம் நாள் ஐந்து இலை கழுத்து ஒடிந்து தொங்கியது. கட்டுத்தரைச் சுவருக்குக் கிழக்கே, சுவரிலிருந்து நான்கடி தள்ளி வைக்கச் சொன்னேன். மேற்குக் காற்றைச் சுவர் தடுக்கும். வெயில் 7 மணிக்கு விழுந்து 2 மணி தாண்டித்தான் நிழல் ஏறும். மாடுகள் எட்டித் தின்னாமல் இருக்க ஒரு மூங்கில் படல்.

ஆவணி இரண்டாம் வாரம் அத்தைதான் முதலில் பார்த்தார், சேலையை முடிந்து வைத்த மாதிரி ஒரு கூம்பு. மொட்டு எழுந்து பதினாறாம் நாள் விடிகாலையில் பாதி திறந்தது, முற்பகலிலேயே மூடிக்கொண்டது. இரண்டாம் நாள் முழுதாக விரிந்தது. நான்காம் நாள் இதழ்கள் உதிர்ந்தன. இளஞ்சிவப்பு, நூறு இதழ் ரகம். பூத்திருக்கும் நாட்களில் தாமரை தன் உட்சூட்டை 30 முதல் 36 டிகிரிக்குள் வைத்துக்கொள்ளும். வெளியே குளிர்ந்தாலும் அது இறங்காது. 1996-ல் அடிலெய்டில் செய்மூர் என்ற ஆய்வாளர் அளந்து எழுதியது. வண்டுகளுக்கு வெதுவெதுப்பான அறை. அத்தையிடம் சொன்னபோது, “அதான் வண்டு உள்ளயே தூங்குதாட்டம்,” என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார். கார்த்திகைக்குள் ஏழு பூ வந்தது.

அப்புறம்

முற்றத்துத் தொட்டியைச் சும்மா விடவில்லை. அல்லியில் தாபென் என்று ஒரு ரகம் உண்டு, இளநீலம், நல்ல மணம். மூன்று மணி நேர வெயிலிலேயே பூக்கும். இலையின் நடுவில், காம்பு சேரும் இடத்தில், குட்டிச் செடியே முளைத்து வரும். கிள்ளி வேறு சட்டியில் நட்டுக்கொள்ளலாம். அதைக் கொண்டுபோய் வைத்தேன். கப்பி மீன் பத்து விட்டோம், இப்போது எண்ண முடியவில்லை. வேண்டாத ஒன்றும் வந்தது. பார்க்க அழகாக இருக்கிறதே என்று யாரோ கொடுத்த ஆகாயத்தாமரையை அக்கா மிதக்கவிட்டாள். பெயரில்தான் தாமரை, பதினைந்து நாளில் பாதித் தொட்டியை மூடிவிட்டது. எடுத்து எருக்குழியில் போட்டாயிற்று. கோழி எருவும் இப்போது அதே குழிக்குத்தான் போகிறது, ஆறு மாதம் மக்கிய பிறகு தென்னைக்கு.

மார்கழியில் மறுபடி போன். “தம்பி, திரும்பவும் கருகுதுடா.” போட்டோ அனுப்பச் சொன்னேன். ஓரத்திலிருந்து பழுத்து, காய்ந்த பலகாரத் தாள் மாதிரி மடிந்த இலைகள். புது இலை இல்லை, அழுகலும் இல்லை. பகல் குறையும்போது தாமரை இலையை விட்டுவிட்டுக் கிழங்கைப் பருக்கவைக்கும், அவர்கள் வைத்திருந்த ரகத்தில் இது நன்றாகவே தெரியும். உரத்தை நிறுத்து, தண்ணீர் மட்டும் வற்றாமல் பார்த்துக்கொள் என்றேன்.

மாசியில் பேசினைக் கவிழ்த்தோம். சுவரை ஒட்டிச் சுற்றிச் சுற்றி ஓடியிருந்த கிழங்கைக் கழுவிப் பிரித்ததில் குருத்தோடு ஏழு துண்டு தேறியது. இரண்டு அவர்களுக்கு, ஒன்று எனக்கு, மூன்று சொந்தக்காரர்களுக்கு. கடைசி ஒன்றை மாமா கொத்தனாருக்கு என்று எடுத்து வைத்திருந்தார். அவர் அன்று பொழுதோடு வந்தார். நான் அவரிடம் ஒன்று மட்டும் கேட்டேன், எதில் வைக்கப் போகிறீர்கள் என்று.

“எங்கப்பன் காலத்து மாட்டுத் தாழி ஒண்ணு கெடக்குதுங்க. கருங்கல்லுல கொத்துனது.”